எண்ணூரில் வெயில் கேட்டவர்

முதலாளி என்னை மெட்ராசுக்கு அனுப்பியது சரக்கு வாங்கவோ விற்கவோ அல்ல. ஒரு மனிதனைத் தேடிப் பிடித்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வரத்தான்.

கொழும்பில் முதலாளியைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுகத்துக் கிடங்குகளில் பல அவருடையவை. கப்பல்களும் உண்டு. அவருடைய கடிதங்களை டைப் அடிப்பது என் வேலை. அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் ஓர் இரவுப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த பிறகு சரித்திரத்தை வைத்து அடுப்பு எரிக்க முடியவில்லை.

முந்தின வருஷம் வியாபார விஷயமாக மெட்ராசுக்குப் போன முதலாளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மோட்டார் படகில் வடக்கே உலாவப் போயிருக்கிறார். திருவொற்றியூர் தாண்டிப் படகு கவிழ்ந்துவிட்டது. கட்டுமரத்தில் வந்த யாரோ ஒருவர் அவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் மீண்டும் கடலுக்குப் போய்விட்டார். முதலாளிக்கு நினைவிருந்தது ஒன்றுதான். அந்த ஆளின் இடது காதில் மேல் பாதி இல்லை.

அந்தக் கரை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து எண்ணூரில் ஒரு பங்களாவை வாங்கிவிட்டார். ஆனால் காது மட்டும் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை.

"எனக்கு ஒருத்தன் சும்மா ஒண்டைத் தந்துவிட்டுப் போனது இதுதான் முதல் தரம்" என்றார். "நீர் முன்னாலே போம். ஆளைக் கண்டுபிடியும். என்ன வேணும் எண்டு கேட்டு வையும். அடுத்த கிழமை நான் வந்து என்ர கையால குடுப்பன். ஒண்டும் கேட்காமல் திரும்பி வந்தீர் எண்டால், கந்தோருக்கு வர வேண்டாம்."

ஆபீசைக் கந்தோர் என்றும் வாரத்தைக் கிழமை என்றும் சொல்வது எங்கள் வழக்கம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொல்லி, வேலை போனவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

முதல் நாள் எழும்பூரில் இறங்கி, ராயபுரத்தில் அறை எடுத்திருந்த இடத்துக்கு ரிக்‌ஷாவில் போனேன். மனிதனை மனிதன் இழுக்கும் வண்டியில் உட்காருவது கொழும்பிலும் எனக்குக் கூச்சம்தான். ராயபுரத்தை நெருங்கும்போது ரிக்‌ஷாவின் சக்கரம் டிராம் தண்டவாளத்துக்குள் மாட்டிக்கொண்டது. பின்னால் டிராம் மணி அடித்துக்கொண்டு நின்றது.

"சாமி, கீய எறங்கு. நீயும் ஒரு கை புடி" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"ஓம்" என்று சொல்லி இறங்கினேன்.

"இன்னா சாமி, வண்டி மாட்டிக்கினு கீது, நீ மந்திரம் சொல்றே?"

ஈழத்தில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம் என்று விளக்கிக்கொண்டே தள்ளினேன். டிராமில் இருந்தவர்களும் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டி வெளியே வந்ததும் எல்லோரும் சேர்ந்து "ஓம்" என்றார்கள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

இன்னொன்றும் பழக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்நியரை 'நீங்கள்' என்போம். இங்கே ரிக்‌ஷாக்காரர், இட்டிலிக் கடைக்காரர், பீடி கேட்டவர் எல்லோருக்கும் நான் 'நீ'. முதலில் சுருக்கென்றது. சாயங்காலத்துக்குள் அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதே 'நீ'யில்தான் இட்டிலிக் கடைக்காரர், கேட்காமலே இன்னும் இரண்டு இட்டிலி வைத்து, "சொம்மா துன்னு, வத்தலா கீறே" என்றார். சாம்பாரில் தேங்காய்ப்பால் இல்லையே என்று என் நாக்கு தேடியது. நான்காவது இட்டிலியில் தேடுவதை நிறுத்திக்கொண்டது.

இரண்டாம் நாள் காலை ராயபுரம் கடற்கரைக்குப் போய், மீன் விற்கும் பெண்களிடம் காதைப் பற்றி விசாரித்தேன். பாதிக் காது உள்ள ஆளைத் தேடி ஒருவன் கடல் தாண்டி வந்திருப்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "அறுந்த காது கன்னியப்பன். ஹார்பர்ல வேல செஞ்சாரு, இரும்புக் கவுறு காத அறுத்துக்கினு பூட்ச்சு. எண்ணூராண்ட குப்பத்துல கீறாரு" என்றாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்ற மகிழ்ச்சியில் ஸ்டேஷனுக்கு ஓடி, புறப்பட்டுக்கொண்டிருந்த ரயிலில் ஏறினேன்.

அது எண்ணூரில் நிற்கவில்லை. ஸ்டேஷன் பலகை ஜன்னலில் ஓடி மறைவதைக் கையை உயர்த்தியபடி பார்த்தேன்.

எதிரே நெல்லூருக்குப் போகும் ஒரு தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். கணவர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "இறங்க வேண்டிய ஊருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வருகிறாரே, இவர் பாவம், சாப்பிட்டாரோ இல்லையோ என்கிறாள்." நான் சாப்பிடவில்லை. வாழை இலையில் புளிச்சோறும் கோங்குராத் துவையலும் வைத்துக் கொடுத்தார்கள். காரத்தில் கண்ணீர் வந்தது. நான் அழுவதாக நினைத்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்கள்.

பொன்னேரியில் இறங்கி, சவுக்குக் கட்டை ஏற்றிய ஒரு லாரியில் இடம் பிடித்தேன். மாதவரத்துக்கு அருகே அது பழுதாகி நின்றது. டிரைவர் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இது ஒரு பேஜாரு புடிச்ச வண்டி" என்று அதற்குக் கேட்கும்படியே சொன்னார். ராயபுரம் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. பாதி நாள் பயணம் செய்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் சரியான ரயில். எண்ணூர்க் கரை ஓர் ஒடுங்கிய மணல் நாடா. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. கழிக்கரையில் இருபது குடிசைகள். குடிசைகளுக்கும் கடலுக்கும் நடுவே மேட்டில் ஒரு பங்களா. அதைச் சுற்றி ஒன்றரை ஆள் உயரத்துக்குப் புதுத் தகர வேலி.

அந்த வேலியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் தெரிந்தது. மூன்று மாதங்களுக்கு முன் நான் டைப் அடித்த கடிதத்தில் இருந்தது அது. 'எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் உள்ளே பார்க்க இயலாதபடி உயரமான தகர வேலி அமைக்கவும்.' எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருந்தேன்.

கன்னியப்பன் கட்டுமரத்தின் நிழலில் மணலில் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு துண்டு, தலைக்குக் கீழே சுருட்டிய கயிறு. இடது காதில் மேல் பாதி இல்லை. எழுப்பலாமா என்று நான் யோசிக்கும்போதே கண்ணைத் திறந்தார்.

"போன வருஷம் கடலில் விழுந்த ஒரு பெரிய மனிதரைத் தூக்கினது நீங்கள்தானே?"

"பெரிய மனுசனா, சின்ன மனுசனா? தண்ணியில பாத்தா தலதான் தெரியும்."

"அவர்தான் என்னை அனுப்பினார். உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேட்டு வரச் சொன்னார்."

"எதுக்கு?"

"உயிரைக் காப்பாற்றினதுக்கு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கடல்ல ஒருத்தன் வுயுந்தா தூக்கறதுதான். நாளைக்கு நான் வுயுந்தா, தூக்கறவன் எங்கிட்ட கூலி கேப்பானா? அந்தாளு நல்லா கீறாரா?"

"நல்லா இருக்கிறார்."

"அது போதும். வூட்டாண்ட வா, ஒரு வாய் துன்னுட்டுப் போ."

குடிசை நாலு எட்டில் முடிந்துவிடும். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பானை, சுவரில் தொங்கும் வலை. கூரையில் மூன்று இடத்தில் வானம் தெரிந்தது. அவர் மனைவி முனியம்மா கவலை மீன் குழம்பும் ரேஷன் அரிசிச் சோறும் போட்டார். அரிசியில் கல் இருந்தது. குழம்பின் ருசியில் கல்லையும் சேர்த்து மென்றேன். எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே புளிக்கும் மிளகாய்க்கும் நடுவில் மீன் மீனாகவே இருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முனியம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னா வேணும்னாலும் கேக்கலாமா?"

"எதுவானாலும் கேட்கலாம்."

"ஒண்ணும் வாணாம்னு சொல்லிட்டேன்" என்றார் கன்னியப்பன்.

"நீ சொல்லிட்டு கடலுக்குப் பூடுவே. மய பேஞ்சா ஒயுகுற வூட்ல சட்டியும் பானையும் வெச்சுக்கினு குந்திக்கினு இருக்கறது யாரு?"

கன்னியப்பன் சுவரில் தொங்கிய வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று அவ்வளவோடு திரும்பினேன்.

நான்காம் நாள் மறுபடியும் போனேன். முதலாளி மறுநாள் வருவதாகத் தந்தி வந்திருந்தது. நான் மன்றாடிப் பார்த்தேன். ஒரு மோட்டார் படகு கேளுங்கள், துறைமுகத்தில் ஒரு நல்ல வேலை கேளுங்கள் என்றேன்.

"ஹார்பர்ல ஒரு தபா வேல குடுத்தாங்கோ. காது போனப்பறம், வாசல் கேட்டாண்ட குந்திக்கினு ஆளுங்கள எண்ணிக்கினு இரு, ஒக்கார வெச்சு சோறு போட்றோம்னாங்கோ. ரெண்டு நாளு குந்தினேன். அங்கேருந்து பாத்தா செவுருதான் தெரியுது. வந்துட்டேன்."

"எனக்காகவாவது ஏதாவது கேளுங்கள். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப அந்தாளு எனக்குக் குடுக்க வரல. தனக்குக் குடுத்துக்க வர்றாரு."

பழைய வாத்தியார் எனக்குள் எழுந்துவிட்டார். கிரேக்க தேசத்து டயோஜனிஸ் கதையைச் சொன்னேன். வீடு வாசல் இல்லாமல் ஒரு பெரிய மண் ஜாடிக்குள் வாழ்ந்தவர். ஒரு குழந்தை கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைப் பார்த்து, தன்னிடம் இருந்த ஒரே கிண்ணத்தையும் எறிந்தவர். நாடு நாடாகப் பிடித்துக்கொண்டு போன அலெக்சாண்டர் அவர் எதிரே வந்து நின்று, என்ன வேண்டுமோ கேள் என்றார். வெயில் காய்ந்துகொண்டிருந்த டயோஜனிஸ், வெயிலை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில் என்றார்.

பக்கத்துக் குடிசைக்காரர்களும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். முனியம்மாதான் முதலில் பேசினார்.

"அந்த ஜாடிக்காரருக்குப் பொண்டாட்டி புள்ளைங்கோ கீதா?"

"இல்லை."

"அதான பாத்தேன். ஒருத்தன்னா ஜாடி பத்தும். நாலு புள்ள பொறந்தா தெரியும் சேதி."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மட்டும், "அந்த ராஜா அப்பால இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"நான் அலெக்சாண்டராக இல்லாவிட்டால் டயோஜனிசாக இருக்க ஆசைப்படுவேன் என்றார்."

"இருந்தாரா?"

"இல்லை. உலகத்தைப் பிடிக்கப் போனார். ஊர் திரும்புவதற்குள் செத்துப்போனார்."

"பாவம்" என்றார் கன்னியப்பன். மெய்யாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

அப்போது ஒரு பெண் கூடை நிறையக் கருவாட்டைக் கொண்டுவந்து கழியில் கொட்டினாள். நாற்றம் என்னைப் பின்னால் தள்ளியது. ஏன் கொட்டுகிறாள் என்று கேட்டேன்.

"கலீஜாப் பூட்ச்சு, புயு வெச்சிட்ச்சு" என்றார் முனியம்மா. "அந்தத் தகரம் வந்ததுலேருந்து இப்டித்தான். காலையில வர்ற வெய்யிலு பூரா அதும் பின்னால. கடல் காத்தும் வர்றதில்ல. வெய்யிலும் காத்தும் இல்லாம மீனு எப்டிக் காயும்? சந்தைக்கு எடுத்துக்கினு போனா, மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கறாங்கோ. இருவது வூட்டுக்கும் இதான். வாட்ச்மேனாண்ட சொன்னா, மொதலாளியாண்ட போய்ச் சொல்லுன்றான். அவன் எந்த ஊருல கீறானோ."

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "நீங்கள் தூக்கின ஆள்தான் அந்த முதலாளி. வேலி போடச் சொன்ன கடிதத்தை டைப் அடித்தது நான்."

அடிப்பார்கள் என்றே நினைத்தேன். கன்னியப்பன் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "நான் வாணாம்னுதான் சொல்லுவேன். நீ இன்னா வேணுமோ கேளு. தடுக்க மாட்டேன்" என்றார்.

"எனக்கு ஓட்டு வூடு வேணும்" என்றார் முனியம்மா. அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு முதலாளியின் கார் மணலில் புதைந்து நின்றது. குப்பத்து ஆட்களே தள்ளிவிட்டார்கள். வெள்ளைப் பட்டு வேட்டி, கைத்தடி. கூடவே உள்ளூர் ஏஜண்ட். முதலாளி யாரையும் பார்க்காமல் நேரே கன்னியப்பனிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் நான் பார்த்தேன்.

"என்ர உயிர் உன்ர கையில இருந்தது. சொல்லு. என்ன வேணும்?"

"ஒண்ணும் வாணாம் ஐயா. நல்லா இரு."

"மோட்டார் படகு?"

"வாணாம்."

"என்ர கப்பல் ஒண்டில வேலை?"

"வாணாம்."

"நான் குடுக்கிறன் எண்டு சொல்லிக் குடுக்காமல் போனதில்லை. எனக்கு அந்த அவமானத்தைத் தராதே." குரல் உயர்ந்தது. பிறகு முனியம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயாவது சொல்லு. கல் வீடு கட்டித் தாறன். ஓட்டுக் கூரை. அடுத்த மாசமே."

குப்பம் முழுவதும் முனியம்மாவைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவர் தன் குடிசைக் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் அவருக்காக மனத்துக்குள், கேள் அம்மா, கேட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வேலைக்காகவும்தான்.

"வூடு அப்பால பாத்துக்கலாம்" என்றார் முனியம்மா. "வெய்யிலு வேணும்."

முதலாளி சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். முனியம்மா குனிந்து, நிழலில் கிடந்த மீன்களில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மோந்து பாரு."

முகர்ந்தார். சிரிப்பு நின்றது.

"அந்தத் தகரம் எங்க வெய்யில மறைக்குது. நீ குடுக்கறது எதுவும் எங்களுக்கு வாணாம். எங்க வெய்யிலுக்குக் குறுக்க நிக்காத, அது போதும். எனுக்கு மட்டும் கேக்கல, இருவது வூட்டுக்கும் கேக்கறேன்."

ஏஜண்ட் முன்னால் வந்தார். "சார், வேலியை எடுத்தா பங்களாவுக்கு மதிப்பு இல்லாம போயிடும். இவங்க இப்படித்தான், இடம் குடுத்தா..."

முதலாளி கையை உயர்த்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. என்னிடம் திரும்பி, "இந்த வேலியை ஆர் போட்டது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த பதில்கள் பல. கண்ட்ராக்டர் என்று சொல்லலாம். ஏஜண்ட் என்று சொல்லலாம். ஏழு வருஷமாக அப்படிப்பட்ட பதில்களைச் சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"நாங்கள்தான் ஐயா. கடிதம் நான் அடித்தது. கையெழுத்து உங்களுடையது."

அப்படித்தான் சொன்னேன். அதை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன்.

முதலாளி வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இன்னும் அந்த மீன் இருந்தது. கடைசியில், "மூழ்கிப் போனபோதும் நான் இவ்வளவு நேரம் மூச்சை அடக்கினதில்லை" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். பிறகு ஏஜண்டிடம், "எடும்" என்றார்.

"எதை சார்?"

"தகரத்தை. எல்லாத்தையும். இப்பவே."

ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று ஏஜண்ட் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குப்பத்து ஆண்கள் கடப்பாரையோடு மேட்டில் ஏறிவிட்டார்கள். கன்னியப்பன் முதல் தகட்டைப் பிடித்து, "இஸ்து போடு" என்றார். வலை இழுக்கும் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். நானும் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் ஒரு முனையைப் பிடித்தேன். ஆணி உள்ளங்கையைக் கிழித்தது, வலிக்கவே இல்லை. ஒவ்வொரு தகடாக மணலில் சாய்ந்தது. சாயச் சாய, ஒவ்வொரு தகட்டு அகலமாக வெயில் உள்ளே வந்து மணலில் விழுந்தது. கடைசித் தகடு விழுந்தபோது கடல் காற்று ஒரே மூச்சாக அடித்து, பெண்களின் முந்தானைகளையெல்லாம் தூக்கியது. பெண்கள் கூடைகளோடு ஓடி வந்து அன்றைய நெத்திலியை அந்த வெயிலில் பரப்பினார்கள். மணல் முழுக்க வெள்ளியாயிற்று.

நான் டைப் அடித்த ஆயிரம் கடிதங்களில் ஒன்றையாவது என் கையால் கிழித்துப் போட்ட நாள் அது.

திரும்பிப் பார்த்தேன். முதலாளி என்ன செய்வதென்று தெரியாமல் மீன்களுக்கு நடுவே நின்றார். காலில் மணல் சுட்டிருக்க வேண்டும், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். காக்கைகள் கூட்டமாக இறங்கத் தொடங்கின. முனியம்மா இரண்டு கைகளிலும் மீன் வைத்திருந்தார்.

"ஐயா, சொம்மா நிக்கறியே. கையில தடி கீது இல்ல, காக்காவ ஓட்டு."

ஏஜண்ட் ஓடி வந்து தடியை வாங்கப் பார்த்தார். முதலாளி கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடியை வீசினார். ஒரு காக்கை பறந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, எந்தக் கிடங்கை வாங்கியபோதும் நான் கண்டதில்லை.

"அந்தப் பக்கம் ரெண்டு குந்திக்கினு கீது பாரு" என்றார் முனியம்மா.

துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் அன்று அவருக்காகக் காத்திருந்தன. அவர் காக்கைகள் இருந்த பக்கம் ஓடினார்.